ஆணி அடிக்காமல் தொங்கிய விளக்கு

மீன் தொட்டி வியாபாரத்தில் மீனைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த மீன் குடியிருப்பது சொந்த வீட்டிலா, வாடகை வீட்டிலா என்பதும் தெரிய வேண்டும். ஓசூரில் நான் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்காக எங்கிருந்தோ வந்து வாடகைக்கு இருப்பவர்கள். கல்யாணப் போட்டோவை மாட்டச் சுவர் இருந்தும் உரிமை இல்லாமல், ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மெர்சி வைத்த கெடு

ஜெபராஜ் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஹாலில் செடிகள் வைத்த பெரிய தொட்டி, அதில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். ஷிப்டு முடிந்து வந்தால் மனைவி மெர்சியிடம் பேசுவதற்கு முன் அந்த ஜோடியிடம்தான் பேசுவார். செடிக்காக அவர் வாங்கிய விளக்கு, தொட்டியின் கண்ணாடி விளிம்பில் இரண்டு கால் ஊன்றி நிற்கிற வகை. ஒரு நாள் மெர்சி தீனி போடக் கையை நீட்டியபோது ஒரு கால் வழுக்கி, விளக்கு தண்ணீருக்குள் சாய்ந்துவிட்டது. டிரிப் சுவிட்ச் உடனே விழுந்ததால் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மெர்சி தொட்டிப் பக்கமே போவதில்லை.

விளக்கை உயரத்தில் தொங்கவிட ஏதாவது செய்யுங்கள் என்று ஜெபராஜ் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மெர்சி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"எக்கா, கிறிஸ்மஸுக்கு எங்க அக்கா பிள்ளையளோட வாரா. அதுக்குள்ள அந்த லைட்டு மேல ஏறணும். இல்லாட்டி தொட்டி கீழ எறங்கணும்."

ஜெபராஜ் மீன்களைப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா

கூரையில் இரண்டு கொக்கி போட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு அனுமதி வாங்கக் கீழ்வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா ரத்னம்மா, கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். எனக்குத் தெரிந்த கன்னடம் முழுவதையும் செலவழித்துக் கெஞ்சினேன். சின்ன ஓட்டைதான், காலி செய்யும்போது பூசித் தருகிறோம் என்றேன். செடிக்கு வெளிச்சம் வேண்டும், மீனுக்கும் நல்லது என்று பாடமே எடுத்தேன். பொறுமை என்னிடம் என்றைக்கும் கையிருப்பில் இருந்ததில்லை. அன்று எங்கிருந்தோ கடன் வாங்கி வைத்திருந்தேன்.

ரத்னம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னார்:

"உன் மீனு என்ன பரீட்சைக்கா ஓதுது? லைட்டு இல்லாம இருந்தா பெயிலாயிடுமா? ஆணி பேடம்மா, பேடா."

கும்பிட்ட விளக்கு

சரி, சுவரையும் தொட வேண்டாம், கூரையையும் தொட வேண்டாம் என்று நானே களத்தில் இறங்கினேன். வயரிங்குக்குப் போடுகிற பிளாஸ்டிக் பைப்பை அடுப்பில் காட்டி வளைத்து, தொட்டியின் இரும்பு ஸ்டாண்டோடு கிளாம்பு போட்டு இறுக்கினேன். பைப் பின்னாலிருந்து எழுந்து தொட்டிக்கு மேலே வளைந்து வர, அதன் நுனியில் விளக்கு தொங்கியது. பார்க்க அழகாகவே இருந்தது. ஜெபராஜ் நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் கடைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை மெர்சியிடமிருந்து போன். விளக்குச் சூடும் அதன் எடையும் சேர்ந்து பைப்பை மெல்ல மெல்லத் தளர்த்தியிருக்கின்றன.

"எக்கா, ஒங்க லைட்டு குனிஞ்சு மீனைக் கும்பிடுது. வந்து பாக்கியளா, இல்ல நானே பிளக்கைப் பிடுங்கட்டா?"

டிராயிங்கில் இல்லாதது

இனி இது கம்பெனி முறைப்படி நடக்க வேண்டும் என்று ஜெபராஜ் முடிவெடுத்தார். தொட்டியை அளந்தார், ஸ்டாண்டை அளந்தார், அளந்ததை மறுபடி அளந்தார். மூன்று கோணத்தில் டிராயிங் போட்டு, போச்சம்பள்ளியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முருகேசனிடம் கொடுத்தார். கால்பந்து கோல் போஸ்ட் மாதிரி ஓர் இரும்புச் சட்டம் தயாரானது. தேங்காய் எடைகூட இல்லாத விளக்குக்காக, அதில் ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு லோடு டெஸ்ட் வேறு பார்த்தார்கள். சட்டம் அசையவே இல்லை. ஜெபராஜுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மினி வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஜெபராஜ் இருப்பது மாடியில். படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடத்தில் சட்டம் மாட்டிக்கொண்டது. நிமிர்த்தினார்கள், படுக்க வைத்தார்கள், தலைகீழாகத் திருப்பினார்கள். சுவரில் ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்று ரத்னம்மா கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தார். நான் தலையில் கை வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏன்யா, இது எப்படி வீட்டுக்குள்ள போகும்னு ஒருத்தர்கூட யோசிக்கலையா?" என்று எரிந்து விழுந்தேன். முருகேசன் டிராயிங்கை விரித்துக் காட்டினார்.

"அக்கா, சார் குடுத்த டிராயிங்ல படிக்கட்டே இல்லீங்களே."

கிளட்ச் வயர்

சட்டத்தை மூலையில் அறுத்து, போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்து, விளக்கைத் தொங்கவிட மெல்லிய, அறுந்துபோகாத கம்பி வேண்டும். செடி வளர வளர விளக்கை ஏற்றி இறக்கவும் முடிய வேண்டும். பைக் கிளட்ச் வயர் ஞாபகம் வந்தது. கடைக்கு எதிரே இருக்கும் மெக்கானிக்கிடம் போய் நான்கு வயர் கேட்டேன். விளக்கின் ஒவ்வொரு நுனிக்கும் ஒன்றுக்கு இரண்டாக. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். எந்த வண்டிக்கு என்று கேட்டார். மீன் தொட்டிக்கு என்றேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"அப்ப பிரேக் வயர் வேணாமுங்களாக்கா?"

கிறிஸ்துமஸ் கேக்

போல்ட் போட்ட சட்டம் சத்தமில்லாமல் மாடி ஏறியது. ஸ்டாண்டின் கால்களோடு சேர்த்து இறுக்கினோம். விளக்கும் ஏறியது. ஆனால் மெர்சி எட்ட நின்றே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட வரச் சொன்னார்கள். சோற்றைவிட விளக்கை நினைத்துத்தான் போனேன்.

அக்கா பிள்ளைகள் ஏற்கெனவே தொட்டியை மொய்த்திருந்தார்கள். ஒருவன் சட்டத்தைப் பிடித்து ஊஞ்சலாடப் பார்த்தான். சட்டம் அசையவில்லை, விளக்கு மட்டும் லேசாக ஆடிவிட்டு நின்றது. ஜெபராஜ் என்னைப் பார்த்து, "அரிசி மூட்டை" என்று உதட்டை மட்டும் அசைத்தார். கேக் வாங்க மேலே வந்த ரத்னம்மா, முதலில் சுவர்களைத் தடவிப் பார்த்தார். பிறகு சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுச் சாமி விளக்குக்கும் இதேபோல ஒன்று வேண்டும் என்றார். சொந்தச் சுவரில் ஆணி அடிக்கவும் அவருக்கு மனசு வரவில்லையாம்.

அப்போதுதான் மெர்சி சமையலறையிலிருந்து வந்தார். விளக்கை அண்ணாந்து பார்த்தார். தீனி டப்பாவைத் திறந்து, தொங்கும் விளக்குக்கு நேர் கீழே கையை நீட்டித் தூவினார். ஏஞ்சல் ஜோடி அவர் விரலுக்கு அடியில் வந்து நின்றது. ஜெபராஜ் அந்தப் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மெர்சி கையை உதறிவிட்டு என் தட்டில் ஒரு துண்டு கேக் வைத்தார்.

"தின்னுங்க எக்கா. தொட்டி இருந்துட்டுப் போவட்டும்."

இப்போதெல்லாம் தொட்டி கேட்டு யார் வந்தாலும், வீட்டுப் படிக்கட்டு எங்கே திரும்புகிறது, வீட்டுக்காரருக்கு ஆணி மேல் என்ன கோபம், வீட்டம்மாவின் அக்கா எப்போது ஊரிலிருந்து வருகிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் மீனையே கண்ணில் காட்டுகிறேன்.