பறவைகளுக்குச் சாவுக் கடிதம் எழுதியவர்

யாரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நான் சொல்வதையெல்லாம் நாலால் வகுத்துத்தான் நம்புவார்கள். இதையும் அப்படியே வகுத்துக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிள்ளான் ரயிலில் வந்த கார்டு, பிளாட்பாரத்தில் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "மடைக்கார வேலாயுதம் போயிட்டாரு கிராணி. காய்ச்சல். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க."

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளானுக்கு மேற்கே, கடலோரச் சேற்றுவெளிக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு மண்கரை. அதில் ஒரு மடை. கடல் ஏறும்போது மரக்கதவை இறக்குவதும் வற்றும்போது தூக்குவதும்தான் வேலாயுதம் அண்ணனின் உத்தியோகம். முதலைகள் அவருக்குச் சலாம் வைத்தன. கொசுக்கள் அவரிடம் அனுமதி வாங்கிய பிறகே கடித்தன. நிலவே அவர் கதவைத் தூக்கிய பிறகுதான் நகர்ந்தது. ஆள் என்னவோ துடைப்பக் குச்சிக்கு வேட்டி கட்டியது போல இருப்பார்.

நான் அப்போது கிள்ளான் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறுதோறும் நண்டுக்காக அவர் குடிசைக்குப் போவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாசார் சந்தையில் கண்ணிக்காரன் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்ற செத்த உள்ளான் குருவிக் கொத்து ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஒரு குருவியின் காலில் மெல்லிய தகடு. அதில் ஓர் ஊரின் பெயரும் எண்ணும் இருந்தன. எழுத்துகளை நான் கூட்டிப் படித்தேன். அது எந்தத் தேசம் என்று மறுநாள் தபால் ஆபீசில் விசாரித்தோம். பனி உறையும் வடதேசமாம். அங்கே பறவைக்குத் தகடு மாட்டிப் பறக்கவிட்டு, எங்காவது கிடைத்தால் தகவல் சொல்லும்படி உலகத்தையே கேட்டுக்கொள்கிறார்களாம்.

சமையல் அந்த ஞாயிறே நின்றிருந்தது. விஷயம் தெரிந்ததும் வேலாயுதம் அண்ணன் தகட்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எழுது தம்பி. எங்க செத்துச்சு, எப்ப செத்துச்சு, எப்படிச் செத்துச்சு. வேற ஒண்ணும் வேணாம். தகட்டையும் உள்ள வச்சிரு."

எழுதினேன். ஆனால் நான் நானாயிற்றே. வறுத்துத் தின்னக் கொண்டுவந்த பறவை என்று ஒரு தேசத்துக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. காயம்பட்டுக் கிடந்ததாகவும், நாங்கள் மருந்திட்டுப் பாலூட்டியதாகவும், வட்டமடித்து நன்றி சொல்லிவிட்டுப் பறந்ததாகவும் இரண்டு பக்கத்துக்குக் காவியம் பாடி அனுப்பினேன். தகடு என் மேசைக்குள்ளேயே கிடந்தது.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பறவையைக் காப்பாற்றியதற்கு நன்றி, அடுத்த வசந்தத்தில் அதை இங்கே எதிர்பார்த்திருப்போம் என்று ஒரு துரை எழுதியிருந்தார். நான் அதை வேலாயுதம் அண்ணனிடம் பெருமையாக வாசித்து, சிரித்து, என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே பேசினார்.

அவருடைய தம்பி முத்தையா, இவருக்கு முன்பே கப்பலேறி ஒரு தோட்டத்துக்கு வந்தவர். வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். ஊரில் தாயாருக்கு மட்டும் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. உன் மகன் சௌக்கியம் என்று தோட்டத்துக் கிராணி எழுதிக்கொண்டிருந்தாராம். தேடிக்கொண்டு இவர் கப்பலேறி வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

"எழுதுனவன் கெட்டவன் இல்ல. கிழவி அழக்கூடாதுன்னு நெனச்சான். எங்கம்மா மூணு வருசம் செத்தவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தா. நீயும் கிராணிதானே."

அன்று நண்டு வாங்காமலே திரும்பினேன்.

மறுநாளே உண்மையை எழுதி, தகட்டையும் வைத்து அனுப்பினேன். துரை கோபிக்கவில்லை. அந்தப் பறவையின் ஏட்டை முடித்துவிட்டதாகவும், அது இறந்த சேற்றைப் பற்றி இன்னும் சொல்லும்படியும் எழுதினார். அதன் பிறகு மலாய்க் கிராமத்துக் கண்ணிக்காரர்களும் சீனப் படகுக்காரர்களும் தகடு கிடைத்தால் மடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூறு தகடு என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலுதான். நாலுக்கும் எங்கே, எப்போது, எப்படி.

பிறகு நான் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றலானேன். போன வருஷம் அவரே ரயிலேறி என்னைத் தேடி வந்தார். சேற்றுவெளிக்கு வெளியே புதுக்கரை போட்டு, உள்ளே தென்னை வைக்கப் போகிறார்களாம்.

"அவங்களுக்கு எழுது. குருவி அங்கேருந்து கெளம்பு முன்னாடி தெரியட்டும். இங்க வந்து எறங்கினா திங்க ஒண்ணும் இருக்காது."

எழுதினேன். துரை அதை நகலெடுத்து, பறவை போகும் வழியிலுள்ள மற்றத் தேசத்துக்காரர்களுக்கும் அனுப்பினார். அவர்களும் சேர்ந்து இங்குள்ள சர்க்கார் ஆபீசுக்கு எழுதினார்கள். ஒரு மடைக்காரர் சொல்லுக்கு இத்தனை தேசம் கையெழுத்துப் போட்டது. கடிதம் கிடைத்தது என்று ஆபீசிலிருந்து மரியாதையாகப் பதில் போனது. கரையும் எழும்பியது. புது மடையும் வேலாயுதம் அண்ணன் பொறுப்புக்கே வந்தது. கடலை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. கதவை இறக்கினார். இறக்கியது அவர் கைதான். அதை மறைத்து எழுதினால் அவர் மன்னிக்க மாட்டார்.

இந்தப் பருவத்தில் உள்ளான்கள் வந்து, வெடித்துக் கிடந்த சேற்றில் நின்றுவிட்டுப் போனதாகக் கார்டு சொன்னார். பிறகு கரைக்கு உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரில் கொசு பெருகியது. அனுமதி கேட்காத கொசு.

புதன்கிழமை இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ஊரிலிருக்கும் அவர் மனைவிக்கு. மற்றது வடதேசத்துத் துரைக்கு. 'நிம்மதியாக' என்று ஒரு சொல் தானாகவே வந்து விழுந்தது. அடித்துவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன்.

எங்கே: கிள்ளானுக்கு மேற்கே, புது மடைக் குடிசையில். எப்போது: திங்கட்கிழமை, விடியுமுன். எப்படி: காய்ச்சல், மூன்று நாள், பக்கத்தில் யாருமில்லை.

போய் வாருங்கள் அண்ணே. மற்றதையெல்லாம் இவர்கள் நாலால் வகுத்துக்கொள்ளட்டும். இந்த மூன்று வரி மட்டும் உண்மை.