புகையிலைக்கு ஒரு சாட்சி

கடலாடிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில் நாலு ஏக்கர் வைத்திருந்தார் மூக்கையா. 1974-ல், கல்யாணமான வருஷம், அவர் வாயில் ஏறிய புகையிலை பிறகு இறங்கவே இல்லை. தூங்கும்போதுகூட ஒரு பக்கக் கன்னம் உப்பித்தான் இருக்கும். சாராயமும் உண்டு. முளைப்பாரித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மட்டும் எட்டு நாள் இரண்டையும் தொடமாட்டார். ஒன்பதாம் நாள் காலையில் மஞ்சள் காப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, விட்டதையெல்லாம் வட்டியோடு பிடிப்பார்.

மனைவி வீரலட்சுமி வெற்றிலைகூடப் போடாதவள். கம்பங்கூழும் கீரையும்தான் அவள் சாப்பாடு. களை வெட்டும் மிளகாய்ப் பழம் எடுப்புமாக ஒரு நாள் சும்மா உட்கார்ந்தவள் இல்லை. 2003-ல் ஊருக்கு மருத்துவ முகாம் வந்தது. நர்ஸ் ராமலெட்சுமி ஒரு அட்டையை விரித்து வாசித்தாள். புகையிலையும் மதுவும் வேண்டாம், காய்கறி கீரை நிறையச் சாப்பிடுங்கள், உடம்பை அசையுங்கள், எடை கூடவிடாதீர்கள், புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையும்.

"அண்ணனுக்கு முட்டை மார்க்கு, மதினிக்கு நூத்துக்கு நூறு" என்றார் டீக்கடைக் கூத்தையா. ஊரே சிரித்தது. சிரித்தாலும், கூத்தையா அன்றோடு புகையிலையை விட்டார்.

அந்த நூற்றுக்கு நூறுக்குத்தான் அடுத்த தை மாதம் மார்பில் கட்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லிவிட்டார்கள்.

மூக்கையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விலாசம் மாறி வந்த தபாலாகத்தான் அது அவருக்குத் தோன்றியது. "எனக்கு வரவேண்டியது, தாயி. பேர நல்லாப் பாருங்க" என்று டாக்டரம்மாவிடமே கேட்டார். பெயர் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப அவ என்னதான் தப்புப் பண்ணா?"

"ஒரு தப்பும் பண்ணலை, பெரியவரே. இதையெல்லாம் கடைப்பிடிச்சா வாய்ப்புக் குறையும். வரவே வராதுன்னு யாராலும் சொல்ல முடியாது."

குறையும் என்றால்? பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு வந்தது குறைவாகவா வந்திருக்கிறது? முழுசாக அல்லவா வந்திருக்கிறது! ராமலெட்சுமியை நினைக்க நினைக்கக் கோபம் பொங்கியது.

மார்பை எடுத்த பிறகு வீரலட்சுமியால் இடது கையைத் தூக்க முடியவில்லை. இனியாவது புகையிலையை விடச் சொல்லி ராமலெட்சுமி வந்து நின்றபோது, டீக்கடை என்றும் பாராமல் மூக்கையா வெடித்தார். "எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சவ படுத்துக் கெடக்கா. ஒண்ணுஞ் செய்யாத நான் கல்லு மாதிரி இருக்கேன். ஒன் அட்டையத் தூக்கிக் குப்பையில போடு, ஆத்தா!"

அந்தப் பேச்சு ஊரில் நன்றாகப் பற்றிக்கொண்டது. யார் புகையிலையைக் குறை சொன்னாலும், "வீரலட்சுமிய மட்டும் விட்டுச்சா?" என்றார்கள். கூத்தையா மறுபடி பொட்டலத்தைப் பிரித்தார்.

புரட்டாசியில் மூக்கையா புழுதி விதைப்புக்குப் போனார். மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது அந்தச் சீமை வழக்கம். வீரலட்சுமி மெல்ல நடந்து வந்து வரப்பில் உட்கார்ந்தாள்.

"ஏய்யா, இந்த வருசம் மழை பெய்யுமா?"

"ஆருக்குத் தெரியும்?"

"பெறகு எதுக்கு வெதைக்கிற?"

"என்ன புள்ள கேள்வி இது? வெதைக்காமப் போட்டா, பேஞ்சும் என்ன விளையும்?"

"போன வருசம் வெதச்சும் கருகுச்சே. அதக் காட்டி ஆரையாச்சும் வெதைக்காதன்னு சொன்னியா?"

மூக்கையா கைப்பிடி நெல்லை விதைப்பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நான் கருகுன வெள்ளாமை. அது என்னோட போகட்டும். ஆனா என்னையக் காட்டிக் கூத்தையாக் கொழுந்தன் திரும்பப் பொகையில போடுதாராம்ல. கேக்கவே கூசுதுய்யா. பொகையிலைக்கு என்னையச் சாட்சி வைக்காத."

அன்று சாயங்காலம் மூக்கையா ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் கையை நீட்டினார். வீரலட்சுமி வலது கையாலும் பல்லாலுமாக அதைக் கட்டி முடித்தாள்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டார்.

"அவுக்காத."

மறுநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும், "நான் சொன்னது தப்பு. அவ பேர இனி ஆரும் இழுக்காதீக" என்றார். ஏன் தப்பு என்று கேட்டவர்களுக்கு அவரால் விளக்க முடியவில்லை.

2006-ல் வீரலட்சுமி போய்விட்டாள். அழுதபோதும் அவருக்குள் கேள்விகள் ஓடின. அந்த நோய் இனித் தனக்கு வராதா? தெரியவில்லை. புகையிலையை விட்டது பிந்திவிட்டதோ? அதுவும் தெரியவில்லை. வாய் மட்டும் தினமும் புகையிலை கேட்டது.

2009-ல் ஒரு நாள் டீக்கடையில் அவருடைய கயிறு நைந்து அறுந்து விழுந்தது. "அதுவா அந்துபோச்சுல்ல, விடுங்கண்ணே. இனி ஆரு கேக்கப் போறா?" என்றார் கூத்தையா.

மூக்கையா பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்தார். கூத்தையா கட்டிவிடக் கை நீட்டியும் கொடுக்கவில்லை. ஒரு கையாலும் பல்லாலுமாகத் தானே கட்டிக்கொண்டார்.