கோலியின் வெள்ளிக்கிழமை

இன்று, இங்கே கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் மீனுக்காகக் காத்து நின்றேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் உதைபந்தாட்டக் குழுவின் பொறுப்பாளர் சிவம், பக்கத்தில் நின்றவரிடம் அளந்துகொண்டிருந்தார்.

"இந்த முறை வந்து இறங்கினதுகளிலை எங்கடை பக்கம்தான் திறம். ரண்டு ஃபோர்வேட், ஒரு கோலி. மற்றப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வந்தது? எல்லாம் வண்டியும் தொந்தியும் வைச்ச குடும்பகாரர்!"

வந்து இறங்கியவர்கள் என்றால் அகதிகள். ஊரில் யாரை இழந்துவிட்டு வந்தார்கள் என்று இவர் கேட்பதில்லை. எந்தக் காலால் அடிப்பார்கள் என்றுதான் கேட்கிறார்.

அந்தக் கோலி, அதாவது கோல் காப்பவன், எங்கள் மேல்வீட்டு ரவி. அகதி வழக்கில் வழக்கறிஞரிடம் அவனுக்காக மொழிபெயர்ப்பவள் நான். அது சிவத்துக்கும் தெரியும்; என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை காலமை ரொறன்ரோவுக்கு மட்ச்சுக்கு வெளிக்கிடுறம். அண்டைக்குத்தான் அவன்ரை கேஸ். ஒருக்காச் சொல்லித் தள்ளிப்போடேலாதோ?"

"போகாமல் விட்டால் அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், தம்பி."

சிவம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"உடனை அனுப்புவாங்களோ, இல்லாட்டி சீசன் முடியுமட்டும் விடுவாங்களோ?"

மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரவி என்னோடு விசாரணைக்கு வருகிறான். ரொறன்ரோவில் கோலுக்குள் யார் நிற்பது என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சிவத்துக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவரை யாரும் எங்கும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அவரே நிற்கட்டுமே, என்ன சொல்கிறீர்கள்?