ஊழியம் என்று போடாதே, ஜெயசிங்

பள்ளியின் நூற்றாண்டு மலருக்காக ஜெயசிங் வந்து கேட்டபோது, ஒரு வரி போதும் என்றான். பழைய ஆசிரியர்கள் என்று ஒரு பக்கமாம், ஆளுக்கு ஒரு வரியாம். அதையும் அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான். 'ரசலையன், சரித்திர ஆசிரியர், 1929 முதல் 1932 வரை நம் பள்ளியில் நல்ல ஊழியம் செய்தார்.' கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன டீச்சரே, பிழை கெடக்கா?" என்றான்.

பிழைதான். ஆனால் ஒரு வரியில் திருத்துகிற பிழை இல்லை. அடுத்த வாரம் வா மக்கா என்று அவனை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இதை அச்சில் போடுவதோ கிழித்துப் போடுவதோ மலர்க் கமிட்டியின் பாடு. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இனி யார் என்னை என்ன செய்துவிட முடியும்?

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஈட்டிவிளை மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். வேளிமலைக்கு அடியில் ஓலைக் கூரை போட்ட பள்ளிக்கூடம், ஐந்து வகுப்புகள். ரசலையன் வாத்தியார் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் பிரசவத்தில் மனைவியும் பிள்ளையும் போய்விட, சொந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் எங்கள் மலையடிவாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். பள்ளிக்குப் பின்னால் விறகு போடுகிற அறையைச் சுத்தம் செய்து அதில் இருந்தார். ஒரு தட்டு, ஒரு கஞ்சிப் பானை, ஒரு தகரப் பெட்டி. வேறு சொத்து நான் பார்த்ததில்லை. அவருடைய மேற்கத்திப் பேச்சை ஊர்ப் பெண்கள் குளத்தங்கரையில் பழித்துக் காட்டுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவருக்குப் பேச ஒரு ஜீவன் கிடையாது. பள்ளி வாசற்படியில் உட்கார்ந்து கத்தியால் எதையாவது செதுக்கிக்கொண்டிருப்பார். நான் தையல் பெட்டியைப் பூட்டிவிட்டு அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். போயிட்டு வாறேன் என்பேன். செரி டீச்சரே என்பார். மூன்று வருஷத்தில் நாங்கள் பேசியதில் முக்கால்வாசி இவ்வளவுதான். எனக்கு அவர்மேல் பிரியம் இருந்தது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஊரே என்னைத் தின்றிருக்கும். இன்றைக்குச் சொல்ல என்ன வெட்கம், சொல்லிவிட்டேன்.

சரித்திரத்தை அவர் பெஞ்சில் வைத்து மட்டும் சொல்லித்தந்து நிறுத்த மாட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் காட்டோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக நானும் போகவேண்டும் என்று மிஷனில் உத்தரவு. எனக்கென்ன, கசக்குமா? பனையோலையை நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, எழுத்தாணியால் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதி முடித்த பிறகுதான் ராஜாக்களின் ஓலைச் சாசனத்தைப் பற்றிப் பேச்செடுப்பார். "கை நோவுதா? அப்போ பறயுங்க, அந்தக் காலத்துல ஒருத்தனாவது சும்மா இருந்து எழுதியிருப்பானா?" என்பார். ஒருநாள் இரண்டு கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கக் காட்டிக்கொடுத்தார். மத்தியானம் முழுக்கப் புகைதான் வந்தது. கடைசியில் தீப்பொறி பற்றினதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஃபாரஸ்ட் கார்டு கம்போடு ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வினை வந்தது ஒரு வார்த்தையால். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, இங்கிலீஷ் கணக்கில் 1932, மாசி மாசம். பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: 'முற்காலத்தில் ஜனங்கள் சர்க்காருக்கு ஊழியம் செய்து வந்தனர்.' அதற்கு அர்த்தம் என்ன என்று வாத்தியார் கேட்டார். பூங்கனி எழுந்தாள். சபை மூப்பர் நேசையனின் மகள், பத்து வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரி.

"சர்க்காருக்குப் போய் ஜெபம் பண்ணி, பிரசங்கம் பண்ணினாங்க சாரே" என்றாள்.

மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை போதகர் வாயிலிருந்து கேட்கிற ஊழியம் ஆண்டவருக்குச் செய்கிற வேலைதானே. வேறொரு ஊழியம் இருந்தது, கூலியில்லாமல் சர்க்காருக்கு மரமும் ஓலையும் சுமக்க அவர்களுடைய பாட்டன்மாரையே அடித்துக்கொண்டுபோன ஊழியம் என்று ஒரு வீட்டிலும் மூச்சுவிட்டதில்லை. என் அப்பாவின் அப்பாவும் சுமந்தவர்தான். எங்கள் வீட்டிலும் அதைப் பேசக்கூடாது. வாத்தியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் வாடிப்போய், புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் காட்டோரத்தில் உதிர்ந்து கிடந்த விறகைப் பொறுக்கச் சொன்னார். கொடியை முறுக்கிக் கட்டுக் கட்டவும், வாழைச்சருகைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைக்கவும் காட்டிக்கொடுத்தார். பாரத்துக்கும் தலைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சும்மாடு இல்லையென்றால் நூறு அடி நடக்க முடியாது என்பது எனக்கே அன்றுதான் தெரியும். சிறிய கட்டுகள்தான். அவற்றைத் தூக்கிக்கொண்டு பத்மநாபபுரம் கோட்டைவாசல் வரை நடக்கவேண்டும், நடுவில் பேசக்கூடாது, தண்ணீர் கேட்கக்கூடாது. அவர் தலையிலும் ஒரு பெரிய கட்டு இருந்தது.

வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. அங்கே நிறுத்தினார். "தலைச்சுமடை ஒருத்தனாத் தலையில ஏத்த முடியாது மக்கா. ஏத்திவிட இன்னொரு ஆளு வேணும். ஆளில்லாதவன் என்ன செய்வான்? அவனுக்காகத்தான் இந்தக் கல்லு. இதில எறக்கி வெச்சா, ஒருத்தருக்க கையும் இல்லாமத் திரும்ப எடுத்துக்கிடலாம்" என்றார். சொல்லிவிட்டுக் கல்லைக் கையால் தடவிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கு அது பாடம். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டைவாசலில் கட்டுகளை இறக்கச் சொன்னார். "செரி, போங்க" என்றார்.

"பசிக்கி சாரே" என்றாள் பூங்கனி. "இவ்வளவு தூரம் சுமந்தோமே, ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. நாளைக்கும் வரணும். இதாக்கும் மக்கா ஊழியம். புத்தகத்தில ஒரு வரி."

பிறகு ஆலமரத்தடியில் எல்லோருக்கும் அவித்த மரச்சீனிக்கிழங்கு கொடுத்தார். காலையிலேயே தானே அவித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் தின்றார்கள். பூங்கனி மட்டும் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சபை கூடிற்று. நேசையன் மூப்பர் எழுந்தார்.

"ஓய் வாத்தியாரே, எனக்க அப்பனுக்க உச்சியில மயிரு முளைக்காது. அறியுமா ஓய்? சுமந்து சுமந்து தேஞ்சுபோன தலை அது. அந்தச் சுமடை எறக்கத்தான் நாங்க கிறிஸ்து வேதத்துக்கு வந்தோம், பிள்ளையளப் பள்ளிக்கு விட்டோம். நீரு திரும்பவும் எனக்க மகளுக்க தலையில ஏத்துதீரா?"

"எறக்கின சுமடு எதுன்னு பிள்ளையளுக்குத் தெரியாண்டாமா மூப்பரே?"

"தெரியாண்டாம்! அவங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னுதானே வே நாங்க இவ்வளவு பாடும் படுகது!"

அங்கே இருந்த எல்லோருடைய அப்பனுக்கும் அதே தலைதான். நேசையன் மூப்பர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, வாத்தியார் சொன்னதிலும் இருந்தது, நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன். போதகர் நடுவில் வந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். இனிமேல் காட்டுக்குப் போகக்கூடாது. அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகளுக்குச் சரித்திரம் தெரிகிறது என்று அவர் எழுதினால் வாத்தியார் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும்.

அடுத்த ஞாயிறிலிருந்து ஆலயத்தில் வாத்தியார் இருந்த பெஞ்சில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. ஆறு பேர் இருக்கிற பெஞ்சு. பாட்டுப் பாடும்போது அவர் குரல் மட்டும் அங்கேயிருந்து தனியாக வரும். இந்த ஊரை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் போய்விட்டால் அந்த வாசற்படியைத் தாண்டி நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்பதும் எனக்குள் கிடந்தது. அதனால் எப்படியாவது அவரை இருக்கவைக்க வேண்டும் என்று நான் ஒரு காரியம் செய்தேன்.

பூங்கனியைத் தையல் வகுப்பில் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஊழியம் என்றால் என்ன என்று கேட்டால் சுமடு, விறகு என்று வாய் திறக்காதே என்றேன். திறந்தால் உன் அப்பா வாத்தியாரை அன்றைக்கே துரத்திவிடுவார். ஆண்டவருக்குச் செய்யும் பணி என்று சொல். பழைய சுமடெல்லாம் இன்ஸ்பெக்டருக்கு எங்கே தெரியப்போகிறது. இன்ஸ்பெக்டருக்கும் திருப்தி, அப்பாவுக்கும் திருப்தி, வாத்தியாரும் இருப்பார். "அது தெத்தாச்சே டீச்சரே" என்றாள் அவள். ஏட்டி, சொன்னதைக் கேள் என்று அதட்டினேன். நூல் கோத்துக்கொடுப்பதுபோல அந்தப் பொய்யைக் கோத்துக்கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகையும் கோட்டும், கூட ஒரு குமஸ்தா. போதகரும் நேசையன் மூப்பரும் சுவரோரம் நின்றார்கள். நான் வாசலில் நின்றேன். புத்தகத்தைப் புரட்டியவர் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். ஊழியம் என்றால் என்ன? பூங்கனி எழுந்தாள். முதலில் வாத்தியாரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஆண்டவருக்குச் செய்யும் பணி ஐயா."

இன்ஸ்பெக்டர் குலுங்கிச் சிரித்தார். "அது செரி! அப்போ அரண்மனை ஆனைக்கு ஓலை வெட்டிச் சுமந்தவனெல்லாம் பாதிரியாராக்கும்?" என்றார். குமஸ்தாவும் சிரித்தார். அட பாவி, அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளை உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் நன்று என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நான் மட்டும் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எல்லோரும் இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரும் நானும் மட்டும் பூங்கனியைப் பார்த்தோம். அவள் வாய் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டது. ஆனால் வலதுகை அவளுக்கே தெரியாமல் மெல்ல மேலே போய் உச்சந்தலையில், சும்மாடு இருந்த இடத்தில் பதிந்து நின்றது. வாத்தியார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிள்ளைகளுக்குச் சரித்திரம் தெரியவில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். மூன்றாம் நாள் வாத்தியார் கிளம்பினார். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். தையல் அறை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரப் பெட்டியை வெளியே இழுத்து வைத்தார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், இடுப்புக்கு மேல் வரவில்லை. புத்தகங்கள் இருந்திருக்கும். இறக்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடி தூக்கினார். முடியவில்லை.

ஒரு கை கொடுத்தால் போதும். இருபது அடி தூரம். ஆனால் தையல் டீச்சர் லீலாபாய், வாத்தியாருக்குச் சுமடு ஏற்றிவிட்டாள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேசும். அதற்கு மேல், அவர் முகத்துக்கு நேரே போய் நின்று நான் என்ன சொல்ல? கையில் ஊசியைப் பிடித்தபடியே நின்றேன். அவர் பெட்டியைப் பள்ளிக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். முதலில் படியில் ஏற்றினார், அப்புறம் கிணற்றுச் சுவரில், அப்புறம் குனிந்து தலையில். நேராக நிமிர்ந்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இந்த ஊர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது.

ஜெயசிங், பூங்கனி உன் அம்மாதான். போன வருஷம் அடக்கம் செய்தோமே, அவள்தான். பிரசங்கத்தில் ஊழியம் என்ற சொல் வரும்போதெல்லாம் அவள் கை உச்சந்தலைக்குப் போகும். தலைவலி என்று நீ தைலம் வாங்கிக் கொடுப்பாய். அவளும் பூசிக்கொள்வாள், நானும் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். ஐம்பது வருஷம் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வரி கேட்டாயே, எழுதிக்கொள். ரசலையன் வாத்தியார் இந்த ஊரை விட்டுப் போன அன்று அவருக்குச் சுமடு ஏற்றிவிட ஓர் ஆள் இருந்தாள். அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.