டாயில் சொல்லாத ஏரி

ஆர்டித் யார்ப்ரோவுக்குக் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. கணவன் டாயிலின் இரத்த அழுத்தம், அவன் பொய்ப்பல்லைக் கழற்றி வைக்கும் இடம், அவன் தூக்கத்தில் உளறும் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவன் கிராப்பி மீன் பிடிக்கிற ஏரி எது என்பது மட்டும் தெரியாது.

மேற்கு டென்னசியின் அந்தப் பக்கத்தில் எந்த மனைவிக்கும் அது தெரியாது. ஜனவரி பிறந்ததும், ஊரார் வாசலில் தூக்கிப் போடும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை ஆண்கள் பொறுக்கிக்கொண்டு போய், கான்கிரீட் கல்லைக் கட்டி, ஆளில்லாத நேரம் பார்த்து ஏரியில் இறக்குவார்கள். வசந்தத்தில் கிராப்பி அந்தக் கிளைகளுக்குள் வந்து அடையும். எந்த ஏரி, எந்த மூலை என்று கேட்பது நாகரிகமில்லை. யாராவது கேட்டுவிட்டால் பொய் சொல்வதுதான் மரியாதை.

ஏப்ரலில் தேவாலயத்தில் மீன் விருந்து. பத்தொன்பது வருடமாக டாயில் பிடிப்பான், ஆர்டித் பொரிப்பாள். மற்ற நாட்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டைக்கூட வாய்க்குள்ளேயே பாடுகிறவள், அந்த ஒருநாள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று போதகரையே தள்ளி நிற்கச் சொல்வாள். இந்த வருடம் டாயிலுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, கால் தலையணை மேல் இருந்தது.

விருந்துக்கு முந்தின ஞாயிறு, டாயிலின் தம்பி ஹார்லன் தேவாலய வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"கவலைய விடுங்க அண்ணி. கடையில கெளுத்தி வாங்கிட்டு வந்துடறேன். ஐஸ்ல வெச்சு, முள்ளெல்லாம் எடுத்து, சதுரமா வெட்டியே குடுக்கறான்."

"சதுரமாவா?"

"ஆமா. எல்லாம் ஒரே அளவு."

ஆர்டித் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். கடைமீனைத் தன் கையால் பொரித்துத் தட்டில் வைப்பதைவிட, விருந்தன்று காய்ச்சல் என்று படுத்துவிடலாம்.

"நீ எங்க பிடிப்பேன்னு சொல்லு, நான் போறேன்" என்று கணவனிடம் கேட்டாள்.

"லாட ஏரி" என்றான் டாயில், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நிஜமாவா?"

"கட்டின பொண்டாட்டிகிட்ட பொய் சொல்வேனா?"

ஆர்டித் துணி துவைக்கும் அறைக்குப் போய் நின்றாள். லாட ஏரியின் சேறு கறுப்பு. ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் அவன் கால்சட்டையில் அவள் வினிகர் ஊற்றித் தேய்த்த கறை சிவப்பு. சுற்றுவட்டாரத்தில் செம்மண் கரை பிக்கெட் ஏரிக்குத்தான் உண்டு.

வியாழன் காலை தூண்டில் இரைக்கு ஒரு வாளி பொடிமீனோடு பிக்கெட் ஏரிக்குப் படகை இழுத்துப் போனாள். ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. கிழக்குக் கரையில் தூண்டில் எதிலோ மாட்டியது. மெதுவாக இழுத்தாள். முள்ளில் ஒரு முழம் வெள்ளி ஜிகினா தொங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டு மரத்தில் அவளே சுற்றியது. "ஜிகினாவ எடுத்துட்டுக் கொண்டுபோ" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

அடுத்த பொடிமீனை அங்கேயே இறக்கினாள். தக்கை மூழ்கவில்லை, மீன் இரையை மேலே தூக்கியதில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்ததில் முதல் மீன் உதடு கிழிந்து போய்விட்டது. கிராப்பிக்குக் காகித வாய். இரண்டாவதைப் பாலாடையை எடுப்பதுபோல எடுத்தாள். மதியத்துக்குள் ஒரு நாளைக்குச் சட்டம் அனுமதிக்கிற முப்பதும் சேர்ந்தது. வெள்ளியன்று இன்னொரு முப்பது.

விருந்தில் சோளமாவில் புரட்டிப் பொரித்த மீனை ஹார்லன் ஒன்பது துண்டு தின்றான். பிறகு விரலை நக்கிக்கொண்டே கேட்டான்.

"அண்ணி, எந்த ஏரி?"

மேசையில் முள்கரண்டிகள் நின்றன. டாயில் கண்ணை மூடிக்கொண்டான். ஆர்டித்துக்குத் தேவாலயத்துக்குள் பொய் வரவில்லை.

"பிக்கெட் ஏரி. கிழக்குக் கரை. விழுந்து கெடக்கற மரத்துக்கு இடப்பக்கம்."

கூடமே சிரித்தது. ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தியாண்ணே, உன்கூட இருந்து இருந்து அண்ணியும் கத்துக்கிட்டாங்க."

"இடப்பக்கமாம்" என்றார் போதகர். "அது வேற."

"அப்ப கண்டிப்பா லாட ஏரிதான்" என்று யாரோ சொல்ல, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று நாலைந்து பேர் அங்கேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பும்போது ஆர்டித்தான் வண்டி ஓட்டினாள். டாயில் வெகுதூரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

"வலப்பக்கமும் ரெண்டு மரம் எறக்கியிருக்கேன்" என்றான் கடைசியில்.

"எவ்வளவு ஆழம்?"

"எட்டடி."

ஆர்டித் தலையாட்டினாள். தக்கையைப் பத்தடியில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.