வெளிமானுக்குப் புல் உதறியவர்

திருவனந்தபுரம் மிருகசாலையில் வெளிமான்களுக்குத் தீவனம் போடுகிறவர் அவர். எண்பதுகளின் கடைசியில், இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழையில் பார்த்தேன். கரிந்த உடைமரம் போன்ற உடம்பு, தலையில் கோணிச்சாக்கு. புல்லைப் பிடிபிடியாக எடுத்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை உதறிய பிறகுதான் உள்ளே போடுவார்.

"ஈரம் தின்னா வயிறு ஊதிரும் சாரே. வறண்ட காட்டுச் சீவன்லா."

தமிழ் கேட்டு நின்றேன். ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியாம்.

"ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி எடுத்துக்கிட்டான். மறுபக்கம் காட்டிலாகா மானுக்குன்னு வேலி போட்டாச்சு. நடுவுல என் பொஞ்சாதியும் பன்னெண்டு ஆடும் நிக்குது. மேய எடமில்ல. வித்துட்டு இங்க வான்னு சொல்ல மனசு வரல."

"மான்மேல கோபம் இல்லையா?"

"உளுந்தத் தின்னப்ப கல்லெடுத்து எறிஞ்சிருக்கேன். இப்ப இது தின்னாத்தானே எனக்குச் சோறு." சிரித்தார். பிறகு கம்பிவேலியில் தொங்கிய பலகையைக் காட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு? மலையாளம் எனக்குப் பேச மட்டுந்தான் வரும்."

வாசித்தேன். "வாழும் இடம், தென்னாட்டின் வறண்ட புல்வெளிகள்."

"அப்ப எங்க ஊருதான்." பலகையையே பார்த்தார். "ஆடு, ஆளு, அப்படி ஏதும் போடலையா?"

இல்லை என்றேன். கொஞ்சம் தயங்கியாவது சொல்லியிருக்கலாம்.

"சரி. பொஞ்சாதிக்கு ஒரு கார்டு எழுதித் தருவீங்களா, சாரே? எனக்குத் தமிழும் எழுத வராது. ஆட்ட வித்துட்டு இங்க வந்துரட்டும்."

எழுதிக் கொடுத்தேன். எந்த அதிகாரியும் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை. அந்த உத்தரவு என் கையெழுத்தில்தான் போனது.