என்ஜின் இல்லாத வண்டிக்கு ஏழு லிட்டர் ஆயில்

1. சத்தமில்லாத முதல் நாள்

வடமதுரை ரோட்டில் ஒரு நூற்பாலையில் நான் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தேன். பஞ்சு பேல் ஏற்றி இறக்க ஒரு டீசல் ஃபோர்க்லிஃப்ட் வைத்திருந்தோம். அதன் புகை நூல் கோன்களில் படிகிறது என்று புகார் வரவே, பேட்டரி வண்டி வாங்கலாம் என்று மேனேஜரிடம் எடுத்துச் சொன்னவன் நான்தான்.

"வாங்கித் தாரேன். ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னையத்தான் கேப்பேன்" என்றார்.

வண்டி வந்த அன்று டிரைவர் சகாயராஜ் சாவியைத் திருப்பினார். சத்தம் வரவில்லை. நாலைந்து தடவை திருப்பிவிட்டு, "அண்ணே, ஓடாத வண்டியக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டாய்ங்க" என்று சொல்லிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி பேசாமல் போய் பேல் அடுக்கில் முட்டி நின்றது. அதன் பிறகும் தினம் காலையில் "செத்த நேரம் சூடாகட்டும்ணே" என்று சாவியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். பதினெட்டு வருட டீசல் பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

2. ஓகே போடு

டீசல் வண்டியில் தினமும் என்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், ஏர் ஃபில்டர் பார்க்க வேண்டும். பேட்டரி வண்டியில் இவை எதுவும் கிடையாது. பிரேக், செயின், டயர், ஹைட்ராலிக் ஆயில் இரண்டுக்கும் பொது. மற்றபடி சார்ஜ் அடியோடு இறங்க விடக்கூடாது. செல் மூடியைத் திறந்து, தகடு மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து, சார்ஜ் முடிந்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். வேலை குறைவு என்று சொல்லித்தான் அதை வாங்கவே வைத்தேன்.

ஆனால் எங்கள் மில்லில் செக் ஷீட் ஒன்றுதான். டீசல் வண்டிக்கு அச்சடித்தது. என்ஜின் ஆயில் கட்டத்தில் கோடு போட்டேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னப்பா கோடு போட்டுருக்க? ஆடிட்ல கேப்பாய்ங்க. ஓகே போடு."

"சார், இதுல என்ஜினே இல்ல."

"இல்லாததுல என்ன கோளாறு வரப்போகுது? அப்ப ஓகேதான?"

ஓகே போட்டேன்.

நான் ஓகே போட்டதும் வண்டிக்கு என்ஜின் முளைத்துவிட்டது. 250 மணி நேரம் ஓடியதும் ஸ்டோரிலிருந்து ஏழு லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும் வந்தன. ஸ்டோர் கீப்பர் பழனிச்சாமி ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையான மனிதர், சட்டத்தில் கறார்.

"பழைய ஆயிலத் திருப்பித் தரோணுமுங்க" என்றார்.

வெளி வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் வண்டியில் வடித்ததில் பாதியைக் கொண்டுபோய் வைத்தோம். அவர் டின்னை ஆட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பாதிதான இருக்குது? புது வண்டி ஆயில் குடிக்குதாட்ட இருக்குதுங்க" என்று கவலைப்பட்டு, அடுத்த தடவை ஒரு லிட்டர் கூடுதலாகக் கொடுத்தார்.

பேட்டரித் தண்ணீர் கேட்டால் மட்டும், "ஷீட்டுல அப்படி ஒரு வரி இல்லீங்களே" என்பார். சொந்தமாக ஒரு கேன் வாங்கிப் போனேன். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். கேன் உள்ளே வர கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸுக்கு இண்டென்ட் என்ற கேட்புச் சீட்டு வேண்டும். இண்டென்ட்டுக்கு ஷீட்டில் அந்த வரி வேண்டும். வரி சேர்க்கச் சொல்லி கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. கேட்டாயிற்று என்று நானும் இருந்துவிட்டேன்.

3. பச்சைத் தண்ணீர்

இரண்டு மாதம் கழித்து வண்டி பாதி ஷிஃப்டிலேயே படுக்க ஆரம்பித்தது. தண்ணீர் எப்படியாவது வரட்டும் என்று ரேடியேட்டர் கட்டத்தில் 'தண்ணீர் குறைவு' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது சகாயராஜ் இருபத்து நாலு செல் மூடியையும் திறந்து வைத்து, புனலும் கேனுமாக நின்றார்.

"அண்ணே, தண்ணி வந்துருச்சு. பழனிச்சாமி அண்ணன் உடனே குடுத்துட்டாரு."

கேனில் இருந்தது பச்சை நிற ரேடியேட்டர் கூலண்ட். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதை ஊற்றியிருந்தால் பேட்டரி மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். தகடுகள் பாதிக்கு மேல் காய்ந்து வெளுத்துக் கிடந்தன.

அன்றைய ஷீட்டில், 'என்ஜின் இல்லை. ரேடியேட்டர் இல்லை. பேட்டரியில் தண்ணீர் இல்லை' என்று எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"அப்ப இத்தன மாசமா ஓகே போட்டது யாரு?"

"நான்தான் சார்."

சாயங்காலமே தண்ணீர் வந்தது. மறுநாள் மெமோவும் வந்தது. பொய்ப் பதிவு செய்ததற்குத் தண்டனை, இனிமேல் பேட்டரி வண்டியின் என்ஜின் ஆயிலை ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் நான் பார்க்க வேண்டும். சாட்சியாக சகாயராஜை நியமித்திருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றி, சார்ஜ் போட்டு எவ்வளவோ பார்த்தும் இரண்டு செல் எழுந்திருக்கவில்லை. செயின் பிளாக்கில் கட்டி அவற்றை வெளியே தூக்கினோம். மெமோவைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்த சகாயராஜ் அப்போது சிரிக்கவில்லை.

"டீசல் வண்டின்னா ஆயில் இல்லன்னா கத்தி ஊரக் கூட்டியிருக்கும்ணே. இது வாயில்லாப்பூச்சி. நீங்கதான தெறந்து பாத்துருக்கணும்" என்றார்.

மெமோ சுடவில்லை, இது சுட்டது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூடியைத் திறக்காமல் ஓகே போடாதீர்கள். அந்த இரண்டு செல்லும் என் கையெழுத்துக்குக் கீழேதான் காய்ந்தன.